எளிய வாசிப்பு வாக்குச்சாவடிக்கு வந்த கதை

1872 ஆகஸ்ட் 15 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள பான்டிஃபிராக்ட் ஊரில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ரகசிய வாக்கெடுப்பின் மூலம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் அதுதான். அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போன ஊர் அது. வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க மிட்டாய் ஆலையின் அச்சையே எடுத்துக் குத்தினார்கள். அந்தப் பெட்டியை இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அதுவரை பிரிட்டனில் வாக்கு என்பது வாயால் சொல்வது. வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்வார், எழுத்தர் குறித்துக்கொள்வார். யார் யாருக்குப் போட்டார்கள் என்ற பட்டியல் புத்தகமாக அச்சாகி விலைக்கும் வரும். நிலக்கிழாரும் ஆலை முதலாளியும் அதைப் புரட்டிப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பார்கள். ரகசிய வாக்குச்சீட்டு அந்தப் பயத்தைப் போக்கியது. ஆனால் இன்னொரு தடையையும் தன்னோடு கூட்டி வந்தது. பெயரைச் சொல்லப் படிப்பு வேண்டியதில்லை. தாளில் அந்தப் பெயரைத் தேடிப் பிடிக்கப் படிப்பு வேண்டும்.

சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பார்வையில்லாதவரும் படிக்கத் தெரியாதவரும் கேட்டுக்கொண்டால், வாக்குச்சாவடித் தலைமை அலுவலரே அவர்கள் சொல்லும் பெயருக்கு எதிரே குறியிடலாம் என்று 1872ஆம் ஆண்டு வாக்குச்சீட்டுச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அலுவலர் அதை வேட்பாளர்களின் முகவர்கள் பார்க்கத்தான் செய்ய வேண்டும். படித்தவருக்கு ரகசியம், படிக்காதவருக்குப் பகிரங்கம். தேர்தலில் உதவி என்ற ஏற்பாடு பிறந்தது இப்படித்தான், அரைகுறையாக.

அந்த அரைகுறை ஏற்பாடு முழுமை பெற நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சியில் பிறந்தவற்றுள் ஒன்று ‘எளிய வாசிப்பு’. சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, ஒவ்வொரு கருத்துக்கும் அருகில் ஒரு படம் என்று தயாராகும் ஆவண முறை அது. இன்று பிரிட்டனில் பெரிய கட்சிகள் தங்கள் தேர்தல் அறிக்கையை அந்த வடிவிலும் வெளியிடுகின்றன. இதை முதலில் கேட்டுப் பெற்றவர்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். டவுன் நோய்க்குறி உள்ளவர்கள், புதியவற்றைக் கற்கவும் சிக்கலான செய்திகளைப் பின்தொடரவும் வாழ்நாள் முழுக்கக் கூடுதல் நேரமும் துணையும் தேவைப்படுபவர்கள் இவர்களில் அடங்குவர். பிரிட்டனில் இவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

சட்டம் போட்ட பூட்டு

இவர்களுக்கு உதவி செய்வதா என்ற கேள்வி எழுவதற்கே வெகுகாலம் ஆயிற்று. முதலில் இவர்கள் வாக்காளர்களா என்பதே கேள்விக்குறியாக இருந்தது. பிரிட்டனின் பழைய பொதுச் சட்ட மரபு மனிதர்களை இரண்டாகப் பிரித்தது. பிறவியிலேயே அறிவுக்குறை உள்ளவர் ஒருபோதும் வாக்களிக்க முடியாது. இடையில் மனம் பேதலித்தவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் மட்டும் வாக்களிக்கலாம். முதல் வகையினரைச் சுட்ட அந்த மரபு பயன்படுத்திய சொல் இன்று வசைச்சொல். 1913ஆம் ஆண்டு மனக்குறைபாட்டுச் சட்டம் இந்த மனிதர்களைத் தரம் பிரித்துக் குடியிருப்பு நிறுவனங்களில் அடைக்க வழிசெய்தது. பலர் சிறுவயதில் உள்ளே போய் முதுமைவரை அங்கேயே இருந்தார்கள்.

1949ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இன்னொரு பூட்டைப் போட்டது. மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருப்பவருக்கு அந்த மருத்துவமனை வசிப்பிடமாகக் கருதப்படாது. வசிப்பிடம் இல்லையென்றால் பட்டியலில் பெயர் இல்லை. முப்பது ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் உண்டு உறங்கியவர் சட்டத்தின் கண்ணில் எங்குமே வசிக்காதவர் ஆனார்.

1976இல் இந்தப் பூட்டில் முதல் கீறல் விழுந்தது. வாரிங்டன் அருகே வின்விக் மருத்துவமனையில் நெடுங்காலம் தங்கியிருந்த சிலர் தங்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரி வழக்குத் தொடுத்தார்கள், வென்றார்கள். அதன்பின் நாடாளுமன்றம் விதியைத் தளர்த்தியது. தளர்த்திய விதத்தில்தான் சூட்சுமம் இருந்தது. தானாக வந்து சேர்ந்த நோயாளி வாக்காளராகப் பதியலாம், ஆனால் அதற்கான உறுதிமொழியைப் பிறர் உதவியின்றி அவரே நிறைவு செய்ய வேண்டும், முகவரியாக மருத்துவமனைக்கு வெளியே ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். பார்வையின்மை போன்ற உடற்குறை இருந்தால் மட்டும் உதவி பெறலாம். படிவம் நிரப்பத் திணறுபவரிடம், உதவியில்லாமல் படிவத்தை நிரப்பினால்தான் உனக்கு உரிமை என்று சொன்ன விதி இது. நாட்டில் வேறு எந்தக் குடிமகனிடமும் இந்தத் தேர்வு வைக்கப்படவில்லை. வரவு செலவுத் திட்டம் என்றால் என்னவென்று தெரியாத கோடீஸ்வரரையும் வேட்பாளர் பெயரை மறந்துவிட்ட பேராசிரியரையும் யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.

இந்த விதி 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்று, 2000ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வரும்வரை நீடித்தது. அந்த ஆண்டுதான் மருத்துவமனை முகவரியிலேயே பதியவும் வழி பிறந்தது. பழைய பொதுச் சட்டத் தடை அப்போதும் உயிரோடு இருந்தது. தேர்தல் நிர்வாகச் சட்டம் 2006இன் 73ஆம் பிரிவுதான் அதை அடியோடு நீக்கியது. மனநிலையைக் காரணம் காட்டி ஒருவரை வாக்களிக்கத் தகுதியற்றவர் என்று சொல்லும் பொதுச் சட்ட விதி எதுவும் இனி இல்லை என்றது அந்தப் பிரிவு. முந்தைய ஆண்டில் வந்த மனத்திறன் சட்டம் 2005, தன் 29ஆம் பிரிவில் மறுபக்கத்தையும் அடைத்திருந்தது. பெற்றோரோ பாதுகாவலரோ நீதிமன்றம் நியமித்தவரோ, யாரும் இன்னொருவருக்காக யாருக்கு வாக்கு என்று முடிவெடுக்க முடியாது.

இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நிலை இது: இவர் வாக்களிக்கலாம், இவருக்காக வேறு யாரும் வாக்களிக்கக் கூடாது. அப்படியானால் இவரே புரிந்துகொண்டு முடிவெடுக்கும்படி தேர்தல் மாற வேண்டும்.

சுவீடனில் முளைத்த விதை

புரியும்படி எழுதுவதற்கான வழி அதற்குள் வேறு நாட்டில் உருவாகியிருந்தது. சுவீடனின் கல்வித் துறை 1968இல் ஒரு சோதனை முயற்சியாக எளிய நடைப் புத்தகங்களை வெளியிடத் தொடங்கியது. குழந்தைக் கதைகளைப் பெரியவர்கள் கையில் திணிப்பது அதன் நோக்கமல்ல, பெரியவர்களுக்கான விஷயத்தைப் பெரியவர்களுக்கே உரிய மரியாதையோடு எளிமையாகச் சொல்வது. 1984இல் ‘எட்டுப் பக்கங்கள்’ என்ற பொருளுள்ள பெயரில் எளிய நடையில் ஒரு செய்தித்தாளே அங்கே வந்தது. உலகச் செய்தி, உள்நாட்டு அரசியல், விளையாட்டு எல்லாம் அதில் உண்டு.

அதே நாட்டில், 1970இல் மால்மோ நகரில் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் கூடி, தங்கள் வேலை, வீடு, விடுமுறை பற்றித் தாங்களே பேசித் தீர்மானங்கள் எழுதினார்கள். பெற்றோரும் மருத்துவர்களும் இவர்களைப் பற்றிக் கூடிப் பேசியதுண்டு, இவர்களே கூடிப் பேசியது புதிது. அந்த எண்ணம் கடல் கடந்தது. 1974இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கியது. எங்களை முதலில் மனிதர்களாகப் பாருங்கள் என்பது அதன் கோரிக்கை. 1984இல் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த பன்னாட்டு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் லண்டனில் அதே பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

கூட்டம் நடத்துவதற்கே கூட்டக் குறிப்பு புரிய வேண்டும். நிகழ்ச்சி நிரலில் படம் போட்டார்கள், தீர்மானத்தை ஒலிநாடாவில் பதிந்தார்கள். தங்களுக்கு அனுப்பும் கடிதங்களையும் அப்படியே அனுப்புங்கள் என்று உள்ளாட்சி அலுவலகங்களிடம் கேட்டார்கள். 2001 மார்ச்சில் பிரிட்டன் அரசு ‘வேல்யூயிங் பீப்பிள்’ என்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. அறிவுசார் குறைபாடு பற்றி முப்பது ஆண்டுகளில் வந்த முதல் வெள்ளை அறிக்கை அது. அதற்குப் படங்களோடு எளிய பதிப்பும் வந்தது. தங்களைப் பற்றிய அரசின் கொள்கையைத் தாங்களே படிக்கும் நிலை வந்தபிறகு, அடுத்த கேள்வி தானாக எழுந்தது. ஆட்சிக்கு வர விரும்புபவர்களின் அறிக்கை மட்டும் ஏன் புரியவில்லை?

படித்தவர்களும் தடுமாறிய தாள்

இந்தக் கேள்விக்கு எதிராக அடிக்கடி வந்த பதில், தாள் சரியாகத்தான் இருக்கிறது, வாக்காளரிடம்தான் குறை என்பது. பிரிட்டன் வாக்குச்சீட்டின் வரலாறே அதை மறுக்கிறது.

1969 வரை பிரிட்டன் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரே கிடையாது. வேட்பாளரின் பெயர், முகவரி, தொழில் அவ்வளவுதான். எந்தப் பெயர் எந்தக் கட்சி என்பதை வாக்காளர் நினைவில் வைத்துக்கொண்டு போக வேண்டும். 1969இல்தான் ஆறு சொற்களுக்கு மிகாமல் ஒரு விளக்கம் போட அனுமதித்தார்கள். 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் டெவன் பகுதியில் ஒருவர் ‘லிட்டரல் டெமாக்ரட்’ என்ற விளக்கத்தோடு நின்றார். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அவருக்கு விழுந்தன. உண்மையான லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் 700 வாக்குகளில் தோற்றார். ஒரே பெயரில் சுயேச்சைகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. குழம்பியவர்கள் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான ஆங்கிலேயர்கள். இத்தகைய குழப்பங்களின் விளைவாக வந்ததே 1998ஆம் ஆண்டு அரசியல் கட்சிகள் பதிவுச் சட்டம். அதன் மூலம்தான் கட்சிச் சின்னங்கள் முதன்முதலாக பிரிட்டன் வாக்குச்சீட்டில் ஏறின.

இந்தியா இதில் அரை நூற்றாண்டு முந்திவிட்டது. 1951–52 முதல் பொதுத்தேர்தலில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத நாட்டில், தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் காலத்தில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். மக்கள் படித்து வரட்டும், பிறகு வாக்குரிமை தரலாம் என்று இந்தியா சொல்லவில்லை. தேர்தலை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தது. எளிய வாசிப்பின் சாரமும் இதுதான்.

வெற்று வாக்குறுதி வெளிப்படும் இடம்

எளிய வாசிப்பில் ஓர் ஆவணம் தயாராகும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு வாக்கியத்தில் ஒரே கருத்து. எழுத்தின் அளவு குறைந்தது 14 புள்ளி. படம் இடப்பக்கம், அதற்கான சொற்கள் வலப்பக்கம். விழுக்காட்டுக் கணக்கைத் தவிர்த்துப் பத்தில் மூன்று பேர் என்று சொல்வது. செய்வினையில் எழுதுவது: முடிவு எடுக்கப்படும் என்று எழுதாமல் யார் எடுப்பார் என்று சொல்வது. கடினமான ஒரு சொல்லைத் தவிர்க்க முடியாவிட்டால் அதே இடத்தில் விளக்குவது. கடைசியாக, இதுவே முக்கியம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் குழு ஒன்று அதைப் படித்துப் பார்த்து, புரியாத இடத்தைக் காட்டித் திருத்தச் சொல்வது. அந்தக் குழு பார்க்காத ஆவணம் படம் போட்ட துண்டறிக்கை மட்டுமே.

ஒரு தேர்தல் அறிக்கையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘சமூகப் பராமரிப்புச் சேவைகளுக்கான நிதி ஒதுக்கீட்டு முறை மறுசீரமைக்கப்படும்.’ கேட்க நன்றாக இருக்கிறது. இதை எளிதாக்கிப் பார்ப்போம்.

‘உங்களுக்கு உதவ வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. அந்தப் பணத்தைப் பிரித்துத் தரும் முறையை நாங்கள் மாற்றுவோம்.’

படித்துப் பார்க்கும் குழுவில் ஒருவர் உடனே கேட்பார்: எனக்குப் பணம் கூடுமா, குறையுமா? மூல வரியில் அதற்குப் பதில் இல்லை. எழுதியவர் அதைச் சொல்ல விரும்பவில்லை, அல்லது அவருக்கே தெரியவில்லை. மறுசீரமைப்பு, வலுப்படுத்துதல், முன்னுரிமை அளித்தல் போன்ற சொற்களின் மறைவில் ஒளிந்திருந்த வெறுமை, எளிய வாக்கியத்தில் ஒளிய இடமின்றி வெளியே வந்துவிடுகிறது. எளிய வாசிப்பு அரசியல்வாதிக்கு வைக்கும் தேர்வு இது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பிறந்த இந்த முறையால், முதியவர்களும் அந்நாட்டு மொழியைப் புதிதாகக் கற்கும் குடியேறிகளும், நூறு பக்க அறிக்கையைப் படிக்க நேரமில்லாத எல்லோருமே பயன்பெறுகிறார்கள்.

2010 பொதுத்தேர்தலையொட்டி யுனைடெட் ரெஸ்பான்ஸ் என்ற தொண்டு அமைப்பு ‘எவ்ரி வோட் கவுண்ட்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. வாக்கு எதற்கு, எப்படிப் பதிவது, வாக்குச்சாவடியில் என்ன நடக்கும் என்பதைப் படங்களோடு விளக்கியது. தேர்தல் ஆணையமும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மென்கேப் அமைப்பும் சேர்ந்து எளிய கையேடுகளைக் கொண்டுவந்தன. கட்சிகளிடம் தேர்தல் அறிக்கையின் எளிய பதிப்பைக் கேட்டு வற்புறுத்தினார்கள். தொழிற்கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சி, லிபரல் டெமாக்ரட் கட்சி மூன்றும் அடுத்தடுத்த தேர்தல்களில் அப்படி வெளியிடத் தொடங்கின. ஒரு குறை தொடர்கிறது. முழு அறிக்கை முதலில் வரும், எளிய பதிப்பு பின்னால் வரும். அஞ்சல் வாக்கு அனுப்புபவருக்குத் தேர்தல் நாளுக்குப் பல நாள் முன்பே சீட்டு வந்துவிடும். தாமதமாக வரும் எளிய அறிக்கை அவருக்குப் பயன்படாது.

துணைவரின் கை

தாள் எளிதானாலும் வாக்குச்சாவடி எளிதாகிவிடாது. அறிமுகமில்லாத கட்டடம், வரிசை, முறைத்துப் பார்க்கும் கண்கள், நூலில் கட்டிய பென்சில், குறியிட மூடிய தட்டி. இதற்குத்தான் ஒத்திகை நடத்துகிறார்கள். ஒரு கூடத்தில் தட்டியும் பெட்டியும் வைத்து, மாதிரிச் சீட்டு அடித்து, எந்தப் பழம் பிடிக்கும், எந்தப் பாடகர் பிடிக்கும் என்று வாக்களிக்கச் சொல்கிறார்கள். ஒரே ஒரு குறி போட வேண்டும், மடித்துப் போட வேண்டும், யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்பவை கைப்பழக்கமாகின்றன. தனக்கு என்ன உதவி வேண்டும் என்று எழுதி அலுவலரிடம் காட்டும் சிறு தாளையும் கொடுத்தனுப்புகிறார்கள். பேசத் தடுமாறுபவருக்கு அது பெரிய துணை.

கூடவே ஆளும் போகலாம். 1933இல் வந்த சட்டம் பார்வையற்றவர் தன் உறவினரையோ நண்பரையோ தட்டிக்குள் அழைத்துச் செல்ல அனுமதித்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2000ஆம் ஆண்டுச் சட்டம் பிற குறைபாடு உள்ளவர்களுக்கும் படிக்க இயலாதவர்களுக்கும் அந்த உரிமையை விரித்தது. ஆனால் துணைவர் நெருங்கிய உறவினராகவோ அந்தத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை. பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அங்கே வாக்குரிமை இல்லாதவர்கள். நாள்தோறும் கூட இருப்பவர் வாசலிலேயே நின்றுவிட வேண்டியிருந்தது. தேர்தல் சட்டம் 2022 இதை மாற்றி, 18 வயது நிரம்பிய யாரும் துணைவராகலாம் என்றது. அதே சட்டம் புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்கிப் புதிய தடையையும் போட்டது. ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற ஏற்கத்தக்க அட்டை எதுவும் இல்லாதவர் இலவசச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்த கதை.

துணைவர் எதுவரை போகலாம் என்பதுதான் இந்த வரலாற்றின் நுட்பமான கேள்வி. பெயர்களைப் படித்துக் காட்டலாம், சின்னத்தைச் சுட்டலாம், பென்சிலைப் பிடிக்க உதவலாம், அவர் சொன்ன இடத்தில் குறியிடலாம். யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லக் கூடாது. வெளியே வந்து யாருக்குப் போட்டார் என்று பிறரிடம் சொல்லவும் கூடாது. தெரிந்தே திசைதிருப்புபவர் முரடர் என்றால் கண்டுபிடிப்பது எளிது. பாசமுள்ள தாயின் ‘நம்ம வீட்டில் எல்லோரும் இதற்குத்தானே போடுகிறோம்’ என்ற ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் பயிற்சியை வாக்காளருக்குத் தருவதோடு நிறுத்தாமல் குடும்பத்துக்கும் பராமரிப்பாளருக்கும் தருகிறார்கள்.

வாக்குச்சாவடி அலுவலருக்கும் எல்லை உண்டு. நீங்கள்தானா பட்டியலில் உள்ள இன்னார், ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்களா என்பது போன்று விதியில் எழுதியுள்ள கேள்விகளை மட்டுமே அவர் கேட்கலாம். பிரதமர் யார், எதற்காக வாக்களிக்கிறீர்கள் என்று கேட்டுத் திறனைச் சோதிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

மற்ற நாடுகள்

2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, வாக்களிக்கும் முறையும் இடமும் பொருள்களும் எளிதில் புரிவதாகவும் பயன்படுத்த எளிதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தான் விரும்பும் ஒருவரின் உதவியோடு வாக்களிக்கவும் வழிசெய்கிறது. 2013இல் ஹங்கேரியைச் சேர்ந்த ஆறு பேரின் முறையீட்டில், அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு ஒரு படி மேலே போனது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்துத் தகுதி பார்த்து வாக்குரிமையைப் பறிப்பதும் பாகுபாடுதான் என்றது.

ஸ்பெயின் 2018 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு வாக்குரிமையைத் திருப்பித் தந்தது. அடுத்த ஏப்ரலில் நடந்த பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். ஜெர்மனியில், எல்லா விவகாரங்களுக்கும் நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்திருந்த 80,000-க்கும் மேற்பட்டோர் வாக்குரிமை இல்லாமல் இருந்தனர். 2019 ஜனவரியில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் இந்த விலக்கு செல்லாது என்றது. அதன் வாதம் கவனிக்கத் தக்கது. ஒரே நிலையில் உள்ள இருவரில், குடும்பத்தார் அதிகாரப் பத்திரம் வைத்துக் கவனித்துக்கொள்வதால் பாதுகாவலர் தேவைப்படாதவர் வாக்களிக்கிறார், அப்படி யாரும் இல்லாதவர் இழக்கிறார். வாக்குரிமை இத்தகைய தற்செயலில் தொங்கக் கூடாது என்று நீதிபதிகள் கண்டார்கள்.

நம் பக்கம்

இந்தியச் சட்டத்தில் பிரிட்டிஷ் மரபின் சாயல் இன்னும் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950இன் 16ஆம் பிரிவின்படி, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தவர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியாது. இதில் நீதிமன்றம் அறிவித்தவர் என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் சான்றோ, மாற்றுத்திறனாளி அட்டையோ, பக்கத்து வீட்டாரின் அபிப்பிராயமோ அந்த அறிவிப்புக்கு ஈடாகாது. 2019 மக்களவைத் தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் தங்கியிருந்த பலர் வளாகத்திலேயே வாக்களித்தார்கள். அவர்களின் நிலை அறிவுசார் குறைபாடு அல்ல, மனநோய். சட்டம் மூடாத கதவை நிர்வாகம் நினைத்தால் திறக்கலாம் என்பதற்கு அது சான்று.

துணைவர் விதியில் நாம் பின்தங்கியிருக்கிறோம். தேர்தல் நடத்தை விதிகள் 1961இன் 49என் விதி, பார்வையின்மையாலோ பிற உடற்குறைகளாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ இயலாதவருக்குத் துணைவரை அனுமதிக்கிறது. அறிவுசார் குறைபாட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆக, அலுவலரின் நல்ல மனதைப் பொறுத்தே உதவி அமைகிறது. பிரிட்டன் 2000இல் தாண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம். மறுபுறம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 11ஆம் பிரிவு தேர்தல் தொடர்பான பொருள்கள் அனைத்தும் எளிதில் புரிபவையாகவும் அணுகத் தக்கவையாகவும் இருப்பதைத் தேர்தல் ஆணையம் உறுதிசெய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. சின்னம் இருக்கிறது. 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் புகைப்படமும் இருக்கிறது. இல்லாதது, அந்தச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் கட்சி என்ன செய்யப்போகிறது என்பதைப் புரியும்படி சொல்லும் நாலு பக்கம்.

ஆகவே மூவரிடம் மூன்று கோரிக்கைகள். பெற்றோர்களே, அறிவுசார் குறைபாடு உள்ள மகனோ மகளோ 18 வயதைத் தொட்டால் படிவம் 6 வாங்கிப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தகுதி நாள் ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் படத்தை வீட்டில் வைத்துப் பழக்குங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள். தேர்தல் ஆணையம் துணைவர் விதியில் உள்ள ‘உடற்குறை’ என்ற வரம்பை விரிக்கப் பரிந்துரைக்க வேண்டும். கட்சிகள் அடுத்த தேர்தல் அறிக்கையோடு சேர்த்தே, அதே நாளில், எளிய தமிழில் படங்களோடு ஒரு பதிப்பை வெளியிட வேண்டும். அதை அச்சுக்கு அனுப்பும் முன் சிறப்புப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர்கள் நால்வரிடம் கொடுத்து, எது புரியவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சுட்டிக்காட்டும் வரிகள் மற்ற வாக்காளர்களுக்கும் புரியாதவையாகவே இருக்கும்.